சைகோன்காரர் பங்கு

ஆம்பிளை யாரும் வரவில்லை. முதலில் அதைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம். வேலியில் இரண்டு சாப்பாட்டு ஏனம் கவிழ்ந்து காய்ந்தது, ஆகையால் அந்த வீட்டில் இரண்டு பேர் தின்றார்கள் என்கிறீர்கள். சரி, தின்றார்கள். இரண்டாவதாகத் தின்றவருக்கு மீசை இருந்தது என்று ஏனமா வந்து சொல்லிற்று? சொன்னவள் பக்கத்து வீட்டு வள்ளியம்மாள். வேலியில் ஓணான் ஏறினாலும் அவள் கண்ணுக்கு அது ஆம்பிளை ஓணானாகத்தான் தெரியும்.

தையலம்மாள் சிரித்தாள் என்பது அடுத்த குற்றம். புருஷன் கடல் தாண்டிப் போய்த் தகவலே இல்லாத ஒருத்தி, பட்டப்பகலில் அடுக்களைக்குள் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரிக்கலாமா? ஒண்டியாக இருப்பவள் எதைப் பார்த்துச் சிரிப்பாள்? சேலியமேட்டில் அந்தத் தெரு முழுக்க இதே பேச்சு. அவள் அழுதிருந்தால் ஒருத்தரும் வேலிக்கு அந்தண்டை காது வைத்திருக்க மாட்டார்கள். அழுதாள், நிறைய நாள் அழுதாள். அதைக் கேட்டவர் யார்?

நடந்ததைச் சொல்கிறேன்.

கண்ணையனுக்கு அவள் வாழ்க்கைப்பட்ட வருஷம், ஆடி மாதத்தில், வீராம்பட்டினத்துத் தேருக்கு வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். பாகூர் ஏரித் தண்ணீர் பாயும் ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள் அவள். கடலை அன்றுதான் பார்த்தாள். அக்கரை எங்கே என்று கேட்டாள். கண்ணையன் சிரித்தான். மறுநாள் விடிந்ததும் கரையில் வலை இழுத்தார்கள். துள்ளல் அடங்காத கிழங்கான் மீனை ஓலைக்கொட்டானில் வாங்கி, ஈரத்துணி போட்டு மூடி, வீட்டுக்குக் கொண்டுவந்தான். "இன்னிக்கு நீதான் கொழம்பு வைக்கிற. எங்கம்மா அடுப்பு கிட்ட வரக் கூடாது" என்றான்.

அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஏரி மீன். கெளுத்திக்கும் விராலுக்கும் உடம்பெல்லாம் கொழகொழப்பு. அடுப்புச் சாம்பலும் கல்லுப்பும் போட்டுக் கல்லில் தேய்த்தால்தான் சேற்று வாடை போகும். அந்தப் பக்கத்துப் பெண்கள் மீன் என்றதும் முதலில் சாம்பலைத்தான் அள்ளுவார்கள். அவளும் அள்ளினாள். கிழங்கான் மெத்தென்ற மீன். தேய்க்கத் தேய்க்கத் தோல் போயிற்று, பாதிச் சதையும் போயிற்று. போதாததற்குக் கடல் கவிச்சி போகட்டும் என்று புளியை அள்ளிக் கரைத்து ஊற்றி, விரால் கொதிக்கிற கொதி கொதிக்கவிட்டாள். சட்டியை இறக்கியபோது முள் மட்டும்தான் முழுசாக இருந்தது.

கண்ணையன் ஒரு வாய் வைத்தான். கண்ணை மூடித் திறந்தான். "எம்மா, உன் மருமவ கடலையே சாம்பல் போட்டுக் கழுவிட்டாம்மா" என்றான். மாமியார் சிரித்த சிரிப்பில் புரை ஏறிவிட்டது. தையலம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். ஆனால் ஒன்று, அவன் மிச்சம் வைக்கவில்லை. வெண்கலக் கும்பாவை வழித்து, முள்ளைக்கூட உறிஞ்சிவிட்டுத்தான் எழுந்தான்.

அந்த வருஷமே பிரெஞ்சுக்காரன் பட்டாளத்துக்கு, கடல் தாண்டிச் சைகோனுக்கு, ஆள் எடுத்தார்கள். சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, போனவர்கள் திரும்பி வந்து மாடி கட்டியதைப் பார்த்தவன் கண்ணையன். புறப்படுகிற அன்று அவளைத் தனியாகக் கூப்பிட்டு வேறு ஒன்றும் சொல்லவில்லை. "நான் வர்றதுக்குள்ள கடல் மீனு வைக்கக் கத்துக்க. தின்னு பார்த்துட்டுத்தான் பூட்ஸைக் கழட்டுவேன்" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாமியாருக்கு ஒரு வழக்கம் இருந்தது. கடல் தாண்டிப் போனவன் பங்கு என்று அதற்குப் பேர். வீட்டில் யார் வாய் வைக்கும் முன்னும், முதல் கரண்டிச் சோறும் குழம்பும் போனவனுடைய ஏனத்தில் எடுத்து வைக்க வேண்டும். மற்றவர்கள் தின்று முடிக்கும்வரை அது மூடியே இருக்கும். பிறகு பசியோடு வருகிற யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். நாய்க்குப் போடக் கூடாது, மண்ணில் கொட்டக் கூடாது, வைத்தவளும் தின்னக் கூடாது. "உன் வாயில போனா அங்க அவன் பட்டினிடி. அடுத்தவங்க வயிறு நெறைஞ்சாத்தான் அவனுக்கும் யாராச்சும் ஒரு வாய் போடுவாங்க" என்பாள். கிழவி இருந்தவரைக்கும் வாசலில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள், கும்பா காலியாகிவிடும். அவளுக்காக வந்த கூட்டம் அது. அவளைத் தூக்கிக்கொண்டு போன பிறகு வாசலில் காக்கைதான் உட்கார்ந்தது.

கண்ணையனின் அண்ணன் சுப்பராயலு அதே தெருவில், மேலண்டை வீட்டில் இருந்தான். நிலத்தை அவனே உழுதான். தையலம்மாளுக்கு நெல் அனுப்பிவிடுவான். அனுப்புகிற ஆள் மூட்டையை இறக்கிவிட்டு, தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் போய்விடுவான். சில நாள் சாயந்திரம் விளக்கேற்றும்போதுதான், காலையிலிருந்து தான் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அவளுக்கு நினைவு வரும். பசுமாட்டோடு பேசிப் பார்த்தாள். அதுவும் எவ்வளவு நாளைக்குக் கேட்கும்?

கடலோரப் பனித்திட்டு மீன்காரி தனக்கொடி வந்து சேர்ந்தது அப்போதுதான். அவள் புருஷன் கட்டுமரத்தில் கொண்டுவரும் மீனை விடிகாலையில் கூடையில் அள்ளி, தலையில் வைத்துக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் ஓட்டமும் நடையுமாக வந்துவிடுவாள். நெல்லை வாங்கிக்கொண்டு மீனைக் கொடுப்பாள். தையலம்மாள் வயதுதான் அவளுக்கும். அவள் நடையில் சேலியமேடு கடைசி ஊர், அந்தத் தெரு கடைசித் தெரு, தையலம்மாள் வீடு கடைசி வீடு.

முதல் நாள் கிழங்கான் வாங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போன தையலம்மாள், பழக்கதோஷம், சாம்பல் கொட்டாங்கச்சியோடு உட்கார்ந்தாள். கூடை கழுவ வந்த தனக்கொடி பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"இன்னாம்மே பண்ற? அது இன்னா உன் நாத்தனாரா, இந்தத் தேய் தேய்க்கிற?"

"வாடை போவ வேணாமா?"

"அது பொறந்ததுல இருந்து உப்புத் தண்ணியிலயே குளிச்சிக்கினு கெடக்குது. சேத்துல பொரண்டது உன் ஏரி மீனு. செதிலு எடுத்தியா, வயித்த அலசினியா, ரெண்டு தண்ணி ஊத்தினியா, அத்தோட வுடு. வாடையாம் வாடை! செத்து நாளானாத்தான் வாடை."

தையலம்மாளுக்குக் கண்ணையன் சொன்ன சொல் ஞாபகம் வந்தது. "நான் ஒரு தடவை கடலையே கழுவினவ" என்றாள். அந்தக் கதையைச் சொன்னாள். தனக்கொடி கூடையைப் போட்டுவிட்டுக் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளைப் பார்த்து இவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கொல்லை சிரிப்புச் சத்தம் கேட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது.

அன்று வைத்த குழம்பைக் கேளுங்கள். மிளகாயும் மல்லியும் அம்மியில் வைத்து ஓட்டினாள். கொஞ்சமாகப் புளி, மீதிப் புளிப்புக்கு மாங்காய்க் கீற்று. மண்சட்டியில் நல்லெண்ணெய் காய்ந்து, வெந்தயம் சிவந்து, சின்ன வெங்காயம் வதங்கி, கரைத்த மசாலா கொதித்துச் சுண்டி எண்ணெய் ஓரம் கட்டுகிறவரைக்கும் மீன் கிட்டவே வரவில்லை. எல்லாம் அடங்கின பிறகு மீனை ஒவ்வொன்றாக இறக்கினாள். கரண்டி போடவில்லை. இரண்டு பக்கமும் துணியால் பிடித்துச் சட்டியையே ஒரு சுற்றுச் சுற்றினாள். குழம்பு மீனுக்கு மேலே ஏறி இறங்கிற்று. இரண்டு கொதி வந்ததும் இறக்கிவிட்டாள். மூடியைத் திறந்தால் மீன் கண் திறந்தபடி முழுசாகக் கிடந்தது.

முதல் கரண்டியைக் கும்பாவில் எடுத்து வைத்தாள். தான் தின்றாள். பிறகு கும்பாவைக் கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள். ஒரு ஈ காக்கை இல்லை. கொல்லையில் முருங்கை நிழலில் தனக்கொடி, வெறும் கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"சாப்பிட்டியா தனக்கொடி?"

"வூட்டுக்குப் போயித்தான். எங்க வூட்ல வித்தது போக நசுங்கினது ஏதாச்சும் கெடக்கும், அத வச்சித் தின்னணும்."

கும்பாவைக் கொடுத்தாள். தனக்கொடி குனிந்து தின்றாள். பாதியில் தலை நிமிர்ந்து, "தெனம் மீனோடதான் கெடக்கிறேன். இன்னொருத்தர் வச்சிக் குடுத்து நான் தின்னதே கெடையாது" என்றாள். பங்கைப் பற்றித் தையலம்மாள் சொன்னதும் கும்பாவை ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். "எங்காளு தெனம் கடலுக்குப் போறான், தெனம் வந்து தொலைக்கிறான். உங்காளு ஒரே தபா போனாரு. சரி, அவரு வர்றவரைக்கும் நான் தின்னு வைக்கிறேன், போ" என்றாள்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் முருங்கை நிழல் பயன்படவில்லை. தனக்கொடி நனைந்துகொண்டு நின்றாள். "உள்ள வா" என்றாள் தையலம்மாள். மீன்காரியை அடுக்களைக்குள் விடுகிற வழக்கம் அந்தத் தெருவில் கிடையாது, கொல்லைப்படியோடு சரி. தனக்கொடி படியில் தயங்கினாள். "வாடி, குளிர்ல வெறைச்சிப் போவாத" என்று கையைப் பிடித்து இழுத்தாள் இவள். அன்றிலிருந்து அடுப்புக்கு முன்னால் இரண்டு பேரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து தின்றார்கள். அந்த வெண்கலக் கும்பாவும், தையலம்மாளின் பீங்கான் தட்டும்தான் வேலியில் காய்ந்த இரண்டு ஏனம். சிரித்த சிரிப்பும் அதுதான்.

பிறகு சண்டை வந்தது. சைகோன் பக்கம் ஜப்பான்காரன் நுழைந்துவிட்டான் என்றார்கள். கப்பல் நின்றது. சைகோனிலிருந்து சண்டைக்கு முந்திக் கடைசியாக வந்த ஒருவன், கண்ணையன் அங்கே ஒரு குடும்பம் வைத்திருக்கிறான் என்று பாகூர்ச் சந்தையில் சொன்னதாக ஒரு பேச்சு. குண்டு பட்டுப் போனான் என்று இன்னொரு பேச்சு. இரண்டும் தையலம்மாள் காதுக்கு வந்தது. காதுக்கு வந்த அந்த இரண்டு நாளும் அவள் கும்பாவை எடுத்து வைத்தாள்.

வள்ளியம்மாள் வேலியில் பார்த்ததை வாயில் போட்டு மென்றாள். மீன்காரி வெயிலுக்கு முன்னாலே தெருவைத் தாண்டிப் போய்விடுகிறாள் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். கொல்லைப்பக்க வரப்பில் அவள் வந்து போவதை யாரும் கவனிக்கவில்லை. பேச்சு மேலண்டை வீட்டுக்குப் போயிற்று. சுப்பராயலு பெண்சாதி ருக்குமணியோடு வந்து வாசலில் நின்றான். பின்னாலேயே பாதித் தெரு.

"இந்த வூட்டுக்கு யாரு வர்றது?"

"யாரும் வரல மாமா."

"அப்ப ரெண்டாவது ஏனத்துல தின்னது யாரு?"

"அது அவரு பங்கு."

"சைகோன்ல இருந்து பறந்து வந்து தின்னுட்டுப் போறானா?"

கூட்டம் சிரித்தது. தையலம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு சொல் போதும், தனக்கொடி என்று. சொன்னால் இவள் பேர் வெளுத்துவிடும். ஆனால் புருஷன் கும்பாவில், அடுப்பங்கரையில், மீன்காரி உட்கார்ந்து தின்றாள் என்றால் அவளை அப்புறம் தெருவில் விடுவார்களா? இந்தத் தெரு நெல்தான் தனக்கொடி பிள்ளைகளின் சோறு. அதைவிட, அவள் வராமல் போனால் இந்த வீட்டில் இனி யார் குரல் கேட்கும்? தையலம்மாள் வாயைத் திறக்கவில்லை. அழுத்தக்காரி என்றார்கள். ஆமாம், அழுத்தக்காரிதான்.

சுப்பராயலு தீர்ப்புச் சொன்னான். வருகிற புதன்கிழமை அவள் அடுப்பை இடித்துவிடுவது. அவள் மேலண்டை வீட்டுக்கு வந்து அவர்களோடு ஒரே உலையில் தின்பது. தனி அடுப்பு இருப்பதால்தானே ஊரான் வந்து உட்காருகிறான்?

தையலம்மாள் ஒன்றுதான் கேட்டாள். "அங்க அவரு பங்கு எடுத்து வைக்கலாமா?"

பதில் ருக்குமணியிடமிருந்து வந்தது. "உசுரோட இருக்கிறவங்களுக்கு முதல்ல போடுவோம். செத்தவனுக்குத் திதி அன்னிக்குப் பார்த்துக்கலாம்."

தெருவில் கூடையோடு வந்த தனக்கொடி இதையெல்லாம் கேட்டிருக்கிறாள். மறுநாள் கொல்லைப்பக்கம் வரவில்லை. முன்வாசலில் நின்று, "மீனு வேணுமாம்மா" என்று யாரோ மாதிரி கூவினாள். தையலம்மாள் முறத்தில் நெல்லைக் கொண்டுவந்தாள். வள்ளியம்மாள் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். மீனைப் போடும்போது தனக்கொடி குரலைத் தாழ்த்தி, "நான் சொல்லிடட்டுமா?" என்றாள்.

"சொன்னியோ, உன் கூடையில சாம்பலைக் கொட்டுவேன்."

தனக்கொடிக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று கும்பா நிறைந்தே இருந்தது. தையலம்மாள் அதைக் கையில் ஏந்திக்கொண்டு தெருவில் நின்றாள். கிழவி காலத்தில் வாசலில் வந்து தின்ற இருசப்பன் களத்து மேட்டிலிருந்து வந்தான், கூப்பிட்டாள். அவன் தலையைச் சொறிந்து, "வேணாம் ஆயி, ஊர் வாய் பொல்லாதது" என்று நகர்ந்துவிட்டான். வேறு ஒருத்தரும் வாங்கவில்லை. சாயந்திரம் சோறு நுரைத்துவிட்டது. முருங்கை அடியில் குழி பறித்து அதைப் புதைத்தாள். மண்ணில் கொட்டக் கூடாது என்று சொன்ன மாமியார் இல்லை. சைகோனில் யாரோ ஒருத்தன் பசியோடு படுப்பதாக அவளுக்குத் தோன்றிற்று. பனித்திட்டு வழியில் ஒருத்தி வெறும் வயிற்றோடு நடப்பது நிச்சயமாகத் தெரிந்தது. தானும் அன்று தின்னவில்லை.

புதன்கிழமையும் தனக்கொடி முன்வாசலில் கிழங்கான் போட்டுவிட்டுப் போனாள். தையலம்மாள் சாவகாசமாகச் செதில் எடுத்தாள், இரண்டு தண்ணீர் ஊற்றினாள். சட்டி கொதித்துக்கொண்டிருக்கும்போது சுப்பராயலு கடப்பாரையோடு வந்துவிட்டான். எரிகிற அடுப்பில் இரும்பு படக் கூடாது என்பது அவனுக்கும் தெரியும். "சீக்கிரம் எறக்கு" என்று சொல்லிவிட்டுக் கதவண்டை நின்றான்.

அவள் அவசரப்படவில்லை. சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். இரண்டாவது கொதி வரும்வரை நின்று பார்த்து இறக்கினாள். முதல் கரண்டிச் சோறு, முதல் கரண்டிக் குழம்பு, உடையாத மீன் ஒன்று, கும்பாவில் வைத்தாள். வாழையிலைத் துண்டால் மூடினாள். மாற்றுப் புடவையைக் கிழித்துச் சுற்றி முடிச்சுப் போட்டாள். தான் ஒரு வாய் தின்றாள், வழக்கப்படி. கை கழுவினாள்.

"பங்கைக் கொண்டு போய்க் குடுத்துட்டு வரணும் மாமா."

"யார் கிட்ட?"

"பசியோட இருக்கிறவங்க கிட்ட."

"அவன் எந்த ஊர்க்காரன்? அத மட்டும் சொல்லிட்டுப் போ."

அவள் கும்பாவை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"இந்தப் படியத் தாண்டினா இந்த வூடு உனக்கு இல்ல. நெல்லும் இல்ல. தெரிஞ்சிக்க."

தையலம்மாள் அடுக்களையைத் திரும்பிப் பார்த்தாள். அம்மியில் மசாலா ஈரம் காயவில்லை. பீங்கான் தட்டு ஒன்று தனியாகக் கிடந்தது. எரியும் கட்டையைக் குனிந்து வெளியே இழுத்து, தண்ணீர் தெளித்து அணைத்தாள்.

"இடிச்சிக்குங்க மாமா. அடுப்பு இன்னும் சூடாக் கீது, கையச் சுட்டுக்காதீங்க."

கொல்லைப்பக்கம் வரப்பு வழி இருந்தது. அந்த வழியாகப் போயிருந்தால் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அவள் முன்வாசலுக்கு வந்தாள். உச்சி வெயில். தெருவில் எல்லா வாசலிலும் ஆள் நின்றது. வள்ளியம்மாள் குறுக்கே வந்து, "எங்கடி கெளம்பிட்ட? அவனத் தேடிக்கினா?" என்றாள்.

"வழி வுடு வள்ளியக்கா. கடக்கரை வரைக்கும் நடக்கணும், கொழம்பு ஆறிடும்."

தேருக்குப் போன நாளுக்குப் பிறகு அவள் கடல் பக்கம் போனதில்லை. வழியும் சரியாகத் தெரியாது. கிழக்கே பார்த்து நின்றாள் ஒரு கணம். பிறகு அந்த வாசல்படியைத் தாண்டினாள்.